தஞ்சை வடிநிலத்தில் ஊர் – சேரிப் பிரிவும் மக்கள் நலமும்

காவிரி வடிநிலத்தின் நெல் விளையும் கிராமங்கள் பல நூற்றாண்டுகளாக அக்கிரகாரம், குடியானத் தெரு, சேரி எனத் தனித்தனிக் குடியிருப்புகளாக அமைந்திருந்தன. முதலிரண்டும் சேர்ந்து ‘ஊர்’ எனப்பட்டன. சேரி ஊருக்கு வெளியே, பெரும்பாலும் வயல்களுக்கு நடுவே இருந்தது. இப்பிரிவு வழிபாட்டையும் மணவுறவையும் மட்டும் வரையறுக்கவில்லை. குடிநீர், வடிகால், பாதை, வைத்தியம் ஆகியவை யாருக்கு, எவ்வளவு காலம் கழித்துக் கிடைக்கும் என்பதையும் அதுவே முடிவு செய்தது. குடிசை நிற்கும் தரை யாருக்குச் சொந்தம் என்னும் மனைப் பிரச்சினை இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தின் (இன்றைய தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள்) பொதுநல வரலாற்றை இந்த மனைப் பிரச்சினையிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

சேரி என்னும் சொல்

பழந்தமிழில் ‘சேரி’ என்பது மக்கள் சேர்ந்து வாழும் இடத்தைக் குறித்த பொதுச்சொல். அந்தணர் வாழ்ந்த பகுதியும் அப்பெயரால் அழைக்கப்பட்டது. அது ஒதுக்கப்பட்டோர் குடியிருப்பை மட்டும் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியது பிற்காலத்தில்தான். முதலாம் இராசராசன் (ஆட்சிக்காலம் 985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இந்த மாற்றத்தின் ஒரு கட்டத்தைக் காட்டுகின்றன. கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் வரி நீங்கிய நிலங்களைப் பட்டியலிடும்போது அவை ஊர்நத்தம், குளம், வாய்க்கால் ஆகியவற்றோடு கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி ஆகியவற்றையும் தனித்தனியே குறிப்பிடுகின்றன. சுடுகாடுகளும் பிரித்துச் சொல்லப்படுகின்றன. ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபுரு கராஷிமா இக்கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்தார். வாழும் இடமும் எரியும் இடமும் பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிலக்கணக்கில் பிரிந்திருந்தன என்பதற்கு இவை சான்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் பிறந்த ஆதனூரைப் பாடும்போது, வயல் சூழ்ந்த ஊரையும் அதன் புறத்தே குடிசைகள் நெருங்கிய புலைப்பாடியையும் வேறு வேறாகக் காட்டுகிறார். ஆங்கிலேயர் கால நில அளவையும் இதே பிரிவைத் தொடர்ந்து, ஊர் நத்தம், சேரி நத்தம் எனத் தனித்தனியே எல்லைக்கல் நட்டது.

நிலமும் நீரும்

வடிநிலம் தட்டையானது. ஓரிரு அடி மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான வேறுபாடே வெள்ளக் காலத்தில் வீடு மிஞ்சுவதையும் மூழ்குவதையும் தீர்மானிக்கும். ஆற்றுப்படுகை ஒட்டிய மேட்டு நிலமும் கோயிலைச் சுற்றிய நத்தமும் நிலவுடைமையாளர் வசம் இருந்தன. பண்ணையாட்களின் குடிசைகள் வயல் நடுவே உள்ள திடல்களிலும் வாய்க்கால் கரைகளிலும் எழுந்தன. அறுவடைக்கும் காவலுக்கும் ஆள் அருகில் வேண்டும், ஆனால் ஊருக்குள் இருக்கக் கூடாது என்ற இரண்டு தேவைகளுக்கும் அந்த இடம் பொருந்தியது.

வழக்கமாக சூன் மாதம் மேட்டூர் அணை திறந்தபின் ஆறுகளில் நீர் வரும். அதற்கு முந்தைய கோடையில் ஆறு வற்றி, குளமும் குட்டையும் சுருங்கும். ஊர்க் கிணற்றிலும் கோயில் குளத்திலும் நீரெடுக்க உரிமையற்ற சேரி மக்களுக்கு எஞ்சியது குட்டை நீர்தான். குடிப்பதும், குளிப்பதும், மாடு கழுவுவதும் அதே நீரில் நடந்தன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிலைமை தலைகீழாகும். குடிசையைச் சுற்றி வயல் நீர் தேங்கி நிற்கும், வரப்பே பாதையாகும், அந்த வரப்பும் வழுக்கும். பேறுகால வலி கண்டவரையும் பாம்பு கடித்தவரையும் கட்டிலில் வைத்துத் தூக்கிச் சென்றுதான் வண்டி வரும் சாலையை அடைய வேண்டியிருந்தது. இறந்தவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டு செல்வதும் விளைந்த வயலின் வழியேதான்.

நோய்கள் நடந்த பாதை

காலரா இந்தியாவின் பெரிய ஆற்று வடிநிலங்களில் நிலைகொண்ட நோயாக இருந்தது. காவிரி வடிநிலமும் அவற்றுள் ஒன்று எனப் பொதுநலத் துறையினர் கருதினர். இந்நோய் மலம் கலந்த நீரின் வழியே பரவுவது. ஒரே குட்டையை நம்பிய குடியிருப்பில் ஒருவருக்குக் கண்டால், சில நாட்களில் தெரு முழுவதும் பரவ வழி இருந்தது. தனிக் கிணறு உள்ள வீடுகளில் அந்த வழி ஓரளவு அடைபட்டிருந்தது. ஆனால் முழுமையாக அன்று. மேல்நிலையில் அசுத்தமான வாய்க்கால் நீர் கீழ்நிலையில் எல்லாத் தெருக்களையும் தொட்டது.

கொக்கிப்புழு ஈரமண்ணிலிருந்து வெறும் பாதத்தின் வழி உடலில் புகும். சேற்றில் நாற்று நடுபவர் செருப்பு அணிவதில்லை என்பது தொழிலின் இயல்பு. ஆனால் ஊர்த் தெருவில் செருப்பு அணியக் கூடாது என்ற தடை, வேலை முடிந்த பின்னும் சேரி மக்களை வெறுங்காலோடே வைத்திருந்தது. மலம் கழிக்கத் தனியிடம் இல்லாத குடியிருப்பில் இப்புழு விலகுவது கடினம். சோகையும், அதனால் வரும் பேறுகால ஆபத்தும் அதைத் தொடர்ந்தன.

பெரியம்மைக்குத் தெரு எல்லை தெரியாது. தஞ்சைக்குக் கிழக்கேயுள்ள புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலின் தலவரலாறு மராத்திய அரச குடும்பத்துப் பெண் அம்மையால் பார்வை இழந்து மீண்டதைச் சொல்கிறது. ஆனால் தடுப்பு முறைக்குத் தெரு எல்லை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அம்மைப்பால் ஒரு குழந்தையின் கையிலிருந்து எடுக்கப்பட்டு அடுத்த குழந்தையின் கையில் குத்தப்பட்டது. தாழ்த்தப்பட்டோர் குழந்தையின் கையிலிருந்து எடுத்த பாலை ஏற்க மேல்சாதியினர் மறுத்தது இந்தியாவின் பல பகுதிகளில் தடுப்பூசிப் பணிக்குத் தடையாக இருந்தது. கன்றிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறை பரவியபோதுதான் இச்சிக்கல் தளர்ந்தது. சென்னை கிண்டியில் 1899-இல் நிறுவப்பட்ட கிங் நிலையத்தின் முதன்மைப் பணிகளில் ஒன்று அதைத் தயாரிப்பதே.

யானைக்கால் நோய் வேறொரு பாடம் தருகிறது. கும்பகோணம் இந்நோய்க்குப் பேர்போன நகரம். இதைப் பரப்பும் கியூலெக்சு கொசு தேங்கிய சாக்கடையிலும் கழிவுக் குழியிலும் பெருகும். ஆகவே நெருக்கமான நகரத் தெருக்களில், அக்கிரகாரங்கள் உட்பட, எல்லா சாதியினரையும் இது தாக்கியது. ஒதுக்கி வைப்பது ஒதுக்குவோரை நோயிலிருந்து காக்கும் என்ற நம்பிக்கைக்கு வடிநிலத்திலேயே இருந்த மறுப்பு இது.

தெருவைக் கடக்காத வைத்தியம்

மானுடவியலாளர் கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தின் இரு கிராமங்களில் தங்கி ஆய்வு செய்தார். அவற்றுக்குக் கும்பாபேட்டை, கிரிப்பூர் எனப் புனைபெயர் இட்டார். பிராமணர் ஒருவர் சேரித் தெருவுக்குள் வந்தால் அத்தெருவையே நோயும் வறுமையும் பீடிக்கும் என்ற நம்பிக்கை ஆதிதிராவிடரிடம் இருந்ததை அவர் பதிவு செய்துள்ளார். தீட்டுக் கோட்பாடு ஒரு திசையில் மட்டும் இயங்கவில்லை என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படுகிறது. அதன் நடைமுறை விளைவோ ஒன்றுதான். கற்றவர், கணக்கர், வைத்தியர் பெரும்பாலும் மேல்சாதியினராக இருந்த காலத்தில், அவர்கள் சேரிக்குள் நுழையாமைக்கு இரு தரப்பிலும் காரணம் இருந்தது.

1961–62-இல் ‘ஸ்ரீபுரம்’ எனப் புனைபெயரிட்ட தஞ்சைக் கிராமத்தை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய், அக்கிரகாரத்தில் ஒரு வீட்டில் தங்கினார். அங்கே தங்கியதாலேயே சேரி மக்களோடு பழகுவது தமக்குக் கட்டுப்பட்டதாக இருந்தது என்று எழுதினார். ஆய்வாளரின் காலடியையே தெரு தடுத்தது என்றால், மருத்துவப் பணியாளரின் காலடியை அது எவ்வளவு தடுத்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

சேரியில் பேறு பார்த்தவர்கள் அங்குள்ள மூத்த பெண்களே. பச்சிலையும் மந்திரமும் அறிந்தவர்களும் அங்கேயே இருந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் எழுந்த அரசு மருத்துவமனை ‘ராசா மிராசுதார்’ மருத்துவமனை என்றே பெயர் பெற்றது. அதற்குப் பொருள் தந்தவர்களின் அடையாளம் அது. அதே மிராசுதாரிடம் நாள் கேட்டுப் பெற்றால்தான் பண்ணையாள் வேலையை விட்டு மருத்துவமனைக்குப் போக முடியும் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது.

மனை என்னும் முடிச்சு

காலனி ஆட்சியில் சேரி நிலம் பற்றிய விவாதம் 1890-களில் செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் அளித்த அறிக்கையோடு கூர்மை பெற்றது. குடிசை இருக்கும் இடத்தின் மீது உழைப்பாளிக்கு உரிமை இல்லாததே அவரது அடிமைத்தனத்தின் ஆணிவேர் என்பது அதன் சாரம். தஞ்சையில் இது மேலும் கடுமையாக இருந்தது. சேரி மனைகளில் பெரும்பகுதி மிராசுதாரின் பட்டா நிலம் அல்லது அவர் உரிமை கொண்டாடிய நிலம். கூலி கூட்டிக் கேட்டாலோ, வேறு பண்ணைக்குப் போனாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு வெளியேற வேண்டியதுதான்.

இதன் நலவாழ்வு விளைவு நேரடியானது. நாளை பிரிக்கப்படக்கூடிய குடிசைக்கு யாரும் மண்சுவரை உயர்த்தவோ, கல்லில் அடித்தளம் போடவோ, கிணறு வெட்டவோ, கழிப்பிடம் கட்டவோ முனைவதில்லை. அரசு கட்டித் தர நினைத்தாலும் தனியார் நிலத்தில் கட்ட இயலாது. கூரை தாழ்ந்து, சாளரமின்றி, அடுப்புப் புகை நிறைந்த குடிசைகள் வறுமையால் மட்டுமன்றி உரிமையின்மையாலும் அவ்வடிவில் நீடித்தன.

1920-ஆம் ஆண்டை ஒட்டிச் சென்னை மாகாண அரசு தொழிலாளர் துறையை ஏற்படுத்தியது. ஜி. எப். பாடிசன் அதன் ஆணையராகப் பணியாற்றினார். வடிநிலத்தில் அத்துறையின் முக்கியப் பணி மனை வழங்குதல். நிலத்தை அரசு கையகப்படுத்தும். விலையைக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் தவணையில் உழைப்பாளிகள் திருப்பிச் செலுத்துவர். கிணறு வெட்டுதலும் பள்ளி திறத்தலும் அதே துறையின் பணிகள். மிராசுதார்கள் இதை எதிர்த்தனர். பள்ளிக்கும் கிணற்றுக்கும் இருந்ததைவிட மனைக்கே எதிர்ப்பு வலுவாக இருந்தது. தரை கைமாறினால் ஆள் கைவிட்டுப் போவான் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானத்தை அடுத்து, பொதுச் சாலைகளும் பொதுக் கிணறுகளும் எல்லா வகுப்பாருக்கும் உரியவை என அரசு அறிவித்தது. 1939-இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுநலச் சட்டம் இந்தியாவில் அத்தகைய முதல் விரிவான சட்டம். ஆனால் பொதுக் கிணறு எது என்ற கேள்விக்கு ஊர்தான் விடை சொன்னது. சட்டம் கதவைத் திறந்தாலும் கயிறும் வாளியும் ஊரிடம் இருந்தன.

பண்ணையாள் சட்டம் முதல் குடியிருப்புச் சட்டம் வரை

1940-களில் பி. சீனிவாசராவ் முதலானோர் கட்டிய விவசாயிகள் சங்கம் சாட்டையடி, சாணிப்பால் கொடுத்தல் ஆகிய தண்டனைகளுக்கு எதிராகச் சேரிகளைத் திரட்டியது. சாணம் கரைத்த நீரைக் குடிக்கச் செய்வது அவமானம் மட்டுமல்ல, நோயைப் புகட்டுவதும் ஆகும். 1952-இல் வந்த தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கூலியை நிர்ணயித்து வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தியது. ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருந்தோருக்கே அது பொருந்தியது. பல பண்ணைகள் ஆண்டு முழுதும் வைத்திருந்த ஆட்களை நாட்கூலிகளாக மாற்றி அதிலிருந்து விலகின. குடிசைத் தரையின் உரிமை பழையபடியே இருந்தது.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் கூலி உயர்வுப் போராட்டத்தின் தொடர்ச்சியாகச் சேரி தாக்கப்பட்டது. ஒரு குடிசைக்குள் தஞ்சம் புகுந்தவர்கள் உயிரோடு எரிக்கப்பட்டனர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளுமாக 44 பேர் இறந்தனர். தப்பிக்க வேறு கட்டடம் இல்லாத, கூரையும் கீற்றும் மட்டுமே கொண்ட தனித்த குடியிருப்பு என்பது அச்சாவுகளின் ஒரு காரணம். இதன் பின் கணபதியா பிள்ளை ஆணையம் அமைக்கப்பட்டது. 1969-இல் நியாயக் கூலிச் சட்டமும், 1971-இல் குடியிருப்பு அனுபோகதாரருக்கு உரிமை வழங்கும் சட்டமும் வந்தன. பிந்தைய சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளருக்கும் கைவினைஞருக்கும் அந்த மனையையே சொந்தமாக்கியது. வடிநிலப் பொதுநல வரலாற்றில் மருத்துவச் சட்டங்கள் பலவற்றை விடவும் இதன் பயன் பெரிது. பட்டா இருந்தால்தான் தொகுப்பு வீடு, மின் இணைப்பு, கழிப்பறை மானியம் ஆகியவற்றைக் கேட்க முடியும்.

காலனி

மனை உரிமை வந்தது, இடம் மாறவில்லை. குடியிருப்புச் சட்டம் மக்களுக்கு அவர்கள் ஏற்கெனவே இருந்த தாழ்நிலத்தையே சொந்தமாக்கியது. 1974-இல் தொடங்கிய தாட்கோ நிறுவனமும், ஆதிதிராவிடர் நலத்திட்டங்களுக்கு நிலம் எடுக்கும் 1978-ஆம் ஆண்டுச் சட்டமும் புதிய மனைகளை உருவாக்கின. அவை பழைய சேரியை ஒட்டியோ, ஊரிலிருந்து இன்னும் தள்ளியோ அமைந்தன. ‘காலனி’ என்ற சொல் இதனால் சேரி என்ற சொல்லின் இடத்தைப் பிடித்தது. அச்சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் அறிவித்தது.

தனிக் குடியிருப்புக்குத் தனி நீர்த்தொட்டி, தனி அங்கன்வாடி, தனிச் சுடுகாடு என வசதிகளும் இரட்டையாயின. இதில் ஒரு நன்மை உண்டு: ஊரின் தயவை எதிர்பாராமல் தண்ணீர் கிடைத்தது. ஒரு தீமையும் உண்டு: தனித் தொட்டி பழுதானால் அது காலனியின் கவலை மட்டுமே. 2022 டிசம்பரில் அண்டை மாவட்டமான புதுக்கோட்டையின் வேங்கைவயலில், பட்டியலின மக்களுக்கான மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது, குழந்தைகள் நோயுற்ற பின்னரே தெரியவந்தது.

பிரிவையே கலைக்க முயன்ற திட்டம் 1990-களின் இறுதியில் தொடங்கப்பட்ட பெரியார் நினைவு சமத்துவபுரம். நூறு வீடுகளில் 40 பட்டியலினத்தவருக்கும், 25 பிற்படுத்தப்பட்டோருக்கும், 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும், 10 பிறருக்கும் ஒதுக்கப்பட்டன. சுடுகாடும் பொதுவானது. எண்ணிக்கையில் சிறியதாயினும், வசதியைக் கூட்டுவது வேறு, தெருவைக் கலப்பது வேறு என்ற உண்மையை ஏற்ற அரசுத் திட்டம் இது.

நகரின் விளிம்பில்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி ஆகியவை வயல்களின் மீது விரிந்துவருகின்றன. நஞ்சையை மேடாக்கிப் பிரித்த புதிய ‘நகர்’கள் பழைய கிராமங்களைச் சூழும்போது, அக்கிராமங்களின் காலனிகள் புறநகரின் பகுதியாகின்றன. வயலாக இருந்தபோது மழைநீரை வாங்கிக்கொண்ட நிலம் மேடானபின், நீர் இன்னும் தாழ்ந்த இடத்தைத் தேடுகிறது. அந்த இடம் பெரும்பாலும் பழைய சேரி. பாசன வாய்க்கால் கழிவுநீர் வாய்க்காலாக மாறும்போதும் அதன் கரையில் முன்பே குடியிருந்தவர்களே முதலில் பாதிக்கப்படுகின்றனர். பாசனத்தில் கடைமடைக்கு நீர் கடைசியில் வரும், வெள்ளம் முதலில் வரும். குடிநீர்க் குழாயிலும் சாலையிலும் வடிகாலிலும் புறநகர்க் காலனியின் நிலை அத்தகையது. 2018 நவம்பரில் வீசிய கசா புயல் கீற்றுக் கூரைகளைப் பெயர்த்தபோதும், மின்சாரம் திரும்ப நாட்கள் பல ஆனபோதும் இந்த வரிசை மாறவில்லை.

வெளியுலக ஒப்பீடு

வாழிடப் பிரிவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆவணப்படுத்திய முன்னோடி நூல்களில் ஒன்று டு பாய்ஸ் 1899-இல் வெளியிட்ட பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் பற்றிய ஆய்வு. வட்டாரம் வட்டாரமாக வீட்டு நிலையையும் இறப்பையும் ஒப்பிட்ட அவர், உயர்ந்த இறப்பு விகிதத்துக்கு இனத்தின் இயல்பு அல்ல, வாழும் நிலையே காரணம் என்றார். 2001-இல் டேவிட் வில்லியம்சும் சிக்கிட்டா காலின்சும் வாழிடப் பிரிவை அமெரிக்க இனங்களுக்கு இடையிலான நல வேறுபாட்டின் அடிப்படைக் காரணம் என்று வாதிட்டனர். அங்கே வங்கிக் கடனும் வீட்டுச் சந்தையும் செய்த வேலையை வடிநிலத்தில் மிராசு உரிமையும் தீட்டும் செய்தன. ஒரு வேறுபாடு குறிப்பிடத்தக்கது. சேரி பொருளாதாரத்தால் ஊரிலிருந்து பிரிந்ததன்று. ஊரின் நெல் முழுவதும் சேரியின் உழைப்பில் விளைந்தது. நெருக்கமான உழைப்பும் தொலைவான இருப்பிடமும் ஒருசேர அமைந்ததே இதன் தனித்தன்மை.

இன்றைய நிலை

தமிழ்நாட்டின் குழந்தை இறப்பு விகிதம் 2020-இல் ஆயிரம் பிறப்புக்கு 13 ஆகக் குறைந்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள், சத்துணவு, மகப்பேறு உதவி ஆகியவை வடிநிலத்தின் எல்லாத் தெருக்களையும் எட்டியுள்ளன. ஆனால் மாவட்ட, மாநில சராசரிகள் ஊரையும் காலனியையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்பவை. பிரித்துப் பார்த்த இடங்களில் வேறுபாடு தெரிகிறது. 2005–06 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்திய அளவில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு பட்டியலினத்தவரிடையே ஆயிரத்துக்கு 88 ஆகவும், பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ பிற்படுத்தப்பட்டோரோ அல்லாத பிரிவினரிடையே 59 ஆகவும் இருந்தது. தமிழ்நாடு உட்பட 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான தீண்டாமை பற்றிய ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொதுநலப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் செல்ல மறுத்ததாகக் கண்டது.

இன்று வடிநிலத்தில் ஆதிதிராவிடர் மனைகளில் பெரும்பகுதிக்குப் பட்டா உண்டு. காரை வீடுகள் எழுந்துள்ளன. அப்பகுதிப் பெண்கள் செவிலியராகவும் மருத்துவராகவும் பணியாற்றுகின்றனர். எஞ்சியிருப்பவை வாய்க்கால் புறம்போக்கில் பட்டா இன்றி வாழும் குடும்பங்கள், மழைக்கு மூழ்கும் தெருக்கள், வயல் நடுவே செல்லும் சுடுகாட்டுப் பாதைகள். இவற்றின் தீர்வு மருத்துவத் துறையின் கையில் இல்லை. வருவாய்த் துறையும் ஊராட்சியும் எந்த நிலத்தை யாருக்கு, எந்த இடத்தில் அளந்து கொடுக்கின்றன என்பதில் இருக்கிறது.